பனிச்சாலையும் அதோல்ஃப் கேக்ரெஸும்

பனி என்றால் நமக்கு மார்கழிப் பனிதான். விடியற்காலையில் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு மட்டும் வகுப்பில் இரண்டு சொற்கள் கூடுதலாக வந்தன. வானத்திலிருந்து பஞ்சுபோல விழுவது ‘நேழ்’. சாலையின்மேல் கண்ணாடித் தகடுபோல உறைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது ‘வெர்கிளா’. இரண்டையும் பார்க்காமலே பிழையில்லாமல் எழுதக் கற்றோம்.

இன்று புதுச்சேரியில் பல வீடுகளின் பிள்ளைகள் பிரான்சில் குடியிருக்கிறார்கள். கியர் மாற்றும் வேலையே இல்லாத ஹைப்ரிட் கார்கள் வாங்குகிறார்கள். ‘பனியில் இது வழுக்காதா?’ என்று இங்கே பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதன் நடுவில் நிற்பவர் பெயர் அதோல்ஃப் கேக்ரெஸ்.

1879இல் கிழக்குப் பிரான்சில் எரிக்கூர் என்ற ஊரில் பிறந்தவர். வேலை தேடி ரஷ்யாவுக்குப் போனார். ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலாஸுக்குக் கார் என்றால் ஆசை அதிகம். அரண்மனைக் கார்களின் தொழில்நுட்பப் பொறுப்பு கேக்ரெஸிடம் வந்தது. ஆனால் ரஷ்யக் குளிர்காலத்தில் மன்னரின் காரும் நகராது. இயந்திரத்துக்குப் பலம் போதாமல் அல்ல. அந்தப் பலத்தைத் தாங்கிக்கொள்ளத் தரையில் பிடிப்பு இல்லை. முடுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சுழலச் சுழலப் பனி உருகி இறுகி இன்னும் வழவழப்பாகும்.

கேக்ரெஸ் பின்சக்கரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வளைந்து கொடுக்கும் அகலமான பட்டைகளைப் பொருத்தினார். ராணுவ டாங்கியின் இரும்புச் சங்கிலி போன்றதல்ல. பிற்காலத்தில் ரப்பரிலேயே செய்தார்கள். காரின் எடை பரவலாக இறங்கியதால் பனியில் புதையவில்லை. முன்னால் சறுக்குக் கட்டைகள் வைத்தார்கள். 1917இல் புரட்சி வந்தது. ஜார் போனார், கேக்ரெஸும் நாடு திரும்பினார். ஆனால் அவருடைய பட்டைகள் அங்கேயே தங்கிவிட்டன. லெனின் பயன்படுத்திய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று அதே பட்டைகளோடும் சறுக்குக் கட்டைகளோடும் மாஸ்கோ அருகே கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மன்னருக்காகச் செய்த ஏற்பாட்டில் மன்னராட்சியைக் கவிழ்த்தவர் பயணம் செய்தார்!

பிரான்சில் ஆந்த்ரே சித்ரோயன் அவரைச் சேர்த்துக்கொண்டார். பனிக்குச் செய்தது மணலுக்கும் பொருந்தியது. 1922 டிசம்பர் 17 அன்று துகூர் நகரிலிருந்து புறப்பட்ட 5 வண்டிகள் சகாராவைக் கடந்து 1923 ஜனவரி 7 அன்று திம்புக்துவை அடைந்தன. 1931இல் பெய்ரூத்திலிருந்து பீக்கிங்குக்கு ‘மஞ்சள் பயணம்’ கிளம்பியது. ஜோர்ஜ்-மரி ஆர்த் தலைமையில் வந்த குழு நம் நாட்டுக்குள்ளும் நுழைந்தது. ஸ்ரீநகரிலிருந்து கில்கித் வரை இமயமலைப் பாதையில் இரண்டு வண்டிகளைக் கொண்டுபோனார்கள். பாதை இடிந்த இடத்தில் வண்டியைப் பிரித்துச் சுமைதூக்கிகள் சுமந்தார்கள். அங்கிருந்து குதிரையில் சென்று, சீனாவிலிருந்து வந்த மற்றொரு குழுவோடு சேர்ந்து, கோபிப் பாலைவனத்தைக் கடுங்குளிரில் கடந்தார்கள். 1932 பிப்ரவரியில் பீக்கிங் சேர்ந்தார்கள். அடுத்த மாதமே ஆர்த் ஹாங்காங்கில் நிமோனியாவில் இறந்தார்.

இதுவரை பழைய பத்திரிகைகளில் வந்த கதைதான். அதிகம் பேசப்படாதது இனிமேல்தான்.

பனியில் இன்னொரு தொல்லை உண்டு. கியர் மாற்றக் கிளட்சை மிதித்தால் இழுவிசை ஒரு கணம் அறுபடும். விட்டதும் ஒரு குலுக்கலோடு திரும்பும். காய்ந்த சாலையில் அது தெரியாது. வெர்கிளாவில் அந்த ஒரு குலுக்கல் போதும், சக்கரம் பிடியை விட்டுவிடும். 1939இல் கேக்ரெஸ் இரட்டைக் கிளட்ச் கொண்ட கியர்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். 1, 3 போன்ற கியர்களுக்கு ஒரு கிளட்ச், 2, 4 போன்றவற்றுக்கு மற்றொன்று. அடுத்த கியர் முன்பே தயாராக இருக்கும். ஒன்று விட விட மற்றொன்று பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் மிதிக்க வேண்டியதில்லை, இழுவையும் அறுவதில்லை. போர் வந்தது, திட்டம் நின்றது. 1943இல் அவர் காலமானார். அந்த யோசனை விற்பனைக் கார்களில் வந்தது 2003இல்தான், ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் மூலம்.

ஹைப்ரிடும் நேற்று வந்ததல்ல. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்காரைக் காட்டினார். பிறகு மின்சாரம் உண்டாக்கப் பெட்ரோல் இயந்திரத்தையும் அதில் சேர்த்தார். பெரிய அளவில் வெற்றி கண்டது 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ். 2016இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் ஹைப்ரிடில் மின்மோட்டாரோடு இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியும் இருந்தது. பட்டறையில் கேட்டுப் பாருங்கள், கேக்ரெஸ் பெயரைச் சொல்பவர் அபூர்வம். கோப்பில் குறிப்பு எழுதியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் வேறொருவர் என்பதை அலுவலகத்தில் நிறையப் பார்த்தவன் நான். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சரி, கவலைக்கு வருவோம். மின்மோட்டார் விசையை மெல்ல மெல்லத் தரவல்லது. பனியில் கிளம்ப அது நல்லது. ஆனால் குளிரில் பேட்டரி சோர்வடையும். காரைச் சூடாக்க இயந்திரம் அடிக்கடி ஓடும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். காலை எடுத்தாலே வேகம் குறையும் ஏற்பாடு இருப்பதால் வளைவில் சட்டென்று காலை எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், சாலையைத் தொடுவது டயர் மட்டுமே. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடும். பிரான்சின் மலைப்பகுதிகளில் அறிவிக்கப்பட்ட ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் போட்டிருக்க வேண்டும், அல்லது சங்கிலியாவது கையில் வைத்திருக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம்.

ஆகவே அடுத்த முறை போனில் பேசும்போது ‘பத்திரமாக ஓட்டு’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘டயர் மாற்றியாச்சா?’ என்றும் கேளுங்கள்.