பட்டறையிலிருந்து கடைப்பை வரை: நம்மட வயலுக்கு வித்து வந்த கதை

பெரும்போகம் தொடங்கப் போகுது எண்டால் கல்முனையில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "வித்து எடுத்தாச்சா?" கிட்டங்கி தாண்டி வயல் வைத்திருக்கிறவரும், குத்தகைக்கு ஒரு ஏக்கர் எடுத்தவரும் இதைத்தான் கேட்கிறார்கள். சிலர் எடுத்திருப்பார்கள். சிலர் கமநல சேவை நிலையத்துக்கும் கிருமிநாசினிக் கடைக்கும் நடந்து களைத்து, கடைசியில் பக்கத்து வயல்காரரிடம் போன போக நெல்லை வாங்கிக்கொண்டு வருவார்கள். எங்கட வாப்பாமாரும் மாமாமாரும் இந்த இரண்டாவது வகையில்தான் அதிகம். அதனால்தான் வித்து நம்மட கைக்கு வரும் பாதை எப்படி மாறியது என்று தேடிப் பார்த்தோம்.

மூத்தாப்பா காலத்தில் வித்து கடையில் இருக்கவில்லை, வீட்டில்தான் இருந்தது. சூடு மிதித்த பிறகு நல்ல பொலியில் ஒரு பங்கை ஒதுக்கி, காயவைத்து, பட்டறையிலோ சாக்கிலோ கட்டி வைப்பார்கள். எந்த நெல்லை ஒதுக்குவது, எத்தனை வெயில் காட்டுவது என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த வேலை. சீனட்டி, பச்சைப்பெருமாள், பெரியவெள்ளை என்று நெல்லுக்குப் பெயர்கள் இருந்தன. ஆனால் அந்தக் காலத்தை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. ஒரு போகம் வெள்ளத்தில் போனால் வித்தும் சேர்ந்து போய்விடும். பிறகு போடியாரிடம் வித்துக்கடன் வாங்கி, அறுவடையில் கூடுதலாக அளந்து கொடுக்க வேண்டும். வித்து இல்லாதவன் அடுத்த போகத்துக்கும் கடனாளிதான்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. இங்கினியாகலையில் அணை எழுந்தது, சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியது, பட்டிப்பளை ஆற்றுத் தண்ணீர் கணக்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புத் தர முயன்றது. வித்தும் மாறியது அதே காலத்தில்தான். குருநாகல் மாவட்டத்து பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1950களின் இறுதியில் எச் 4 வந்தது. அதன் தாய் தகப்பனில் ஒன்று 'மாஸ்' என்ற இந்தோனேசிய நெல். மற்றது நம்ம பாஷையில் பெயர் வைத்த முருங்கைக்காயன்.

எச் 4 நல்ல விளைச்சல் தந்தது, ஆனால் உயரம் கூட. பசளை கூடினால் சாய்ந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் பிஜி 11-11, பிஜி 34-8 என்ற குட்டை இனங்கள் அந்தக் குறையைத் தீர்த்தன. பிறகு வந்த பிஜி 94-1 கிழக்கில் வீட்டுப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. 'பிஜி' என்றால் பத்தலகொட. பிறகு வந்த இனங்களின் இலக்கத்தில் வயதும் இருக்கிறது: 300 வரிசை மூன்று மாதம், 350 வரிசை மூன்றரை மாதம். இப்படியாக நெல்லின் பெயர் போய் இலக்கம் வந்தது. கூடவே, வித்தை உருவாக்கும் வேலை வீட்டை விட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. நாட்டின் நெல் விளைச்சல் உயர்ந்ததில் பத்தலகொடவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிக்கல் அதற்குப் பிறகுள்ள தூரத்தில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் எடுக்கும் கொஞ்ச வித்து, அத்திவார வித்தாகி, பதிவு செய்த வித்தாகி, கடைசியில்தான் அத்தாட்சிப்படுத்திய வித்தாகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு போகம் வேண்டும். நேரடியாக விதைக்க ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது ஏறக்குறைய 41 கிலோ தேவை. நம்மட ஆட்கள் அதைவிடக் கூடவே போடுவார்கள். ஒரு மாவட்டத்தின் வயல் முழுவதற்கும் கணக்குப் போட்டால், அரச பண்ணைகளால் மட்டும் சமாளிக்க முடியாது என்பது விளங்கும்.

அதனால் 1996ஆம் ஆண்டின் தேசிய விதைக் கொள்கை தனியார் கம்பனிகளுக்குக் கதவைத் திறந்தது. 2003இல் 22ஆம் இலக்க விதைச் சட்டம் வந்தது. ஆனால் கம்பனிகள் கூடுதலாக ஓடியது கலப்பினச் சோளம், மரக்கறி வித்துப் பக்கம். காரணம் லேசானது. கலப்பின வித்தைத் திரும்ப விதைத்தால் அதே விளைச்சல் வராது, விவசாயி ஒவ்வொரு முறையும் கடைக்கு வர வேண்டும். நெல் தன்னுள்ளேயே மகரந்தம் சேர்க்கும் பயிர். நல்ல வித்தை ஒரு தடவை வாங்கினால் இரண்டு மூன்று போகம் வைத்துக்கொள்ளலாம். கம்பனிக்கு அதில் இலாபம் குறைவு. சிறு விவசாயிக்கு அதுதான் பலம்.

அப்படியென்றால் வீட்டு நெல்லே போதும்தானே? போதாது. அதற்கு நம்மட மாவட்டமே சாட்சி. களைநெல் இலங்கையில் முதலில் கவனிக்கப்பட்ட இடங்களில் அம்பாறையும் ஒன்று, அது 1990களில். பூக்கும் வரை நெல் மாதிரியே நிற்கும், வெட்டுக்கு முன்னமே மணியை உதிர்த்துவிடும். களைநாசினிக்கும் நெல்லையும் அதையும் பிரித்தறியத் தெரியாது. அது பரவுவது கலப்பு வித்திலும், வயல் வயலாகப் போகும் வெட்டுமெசினிலும்தான். பக்கத்து வயல்காரரிடம் அவசரத்துக்கு வாங்கும் மூட்டையில் அதுவும் சேர்ந்து வரலாம்.

கம்பனிகள் இங்கே என்ன செய்யலாம்? எங்களுக்குத் தோன்றியதைச் சொல்கிறோம்.

முதலாவது, வித்தை இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும். சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சுற்றிவர அனுபவமுள்ள விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பந்தம் செய்து, சுத்திகரிக்கும் இயந்திரத்தையும் களஞ்சியத்தையும் இங்கே வைத்தால் ஏற்றுகூலியும் குறையும், மழையில் பாதை மூடும் பயமும் குறையும். இரண்டாவது, நேரம். எந்த இனம், எத்தனை மூட்டை இருக்கிறது என்பதை ஆரம்பக் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். தண்ணீர் திறந்த பிறகு வரும் வித்தால் யாருக்குப் பிரயோசனம்? மூன்றாவது, அரை ஏக்கர்காரருக்கும் பொருந்தும் சின்னப் பை. நான்காவது, வட்டியில்லாமல், விலையை முன்கூட்டியே பேசி, வெட்டு முடிந்து காசு வாங்கும் ஏற்பாடு. நம்மட ஊரில் வட்டிக்குப் பயந்தே அத்தாட்சி வித்தை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம்: பொறுப்பு. வித்து முளைக்காவிட்டால் ஏக்கர்காரர் யாரிடம் போவது? கடைக்காரர் கம்பனியைக் காட்டுவார், கம்பனி "நீங்க வைத்த இடம் சரியில்லை" என்று சொல்லும். ஆகவே விதைப்புக்கு முன், வட்டவிதானைக்கும் விவசாயிகளுக்கும் முன்னால், நூறு மணியை ஈரச்சாக்கில் கட்டி முளைக்க வைத்துப் பார்க்கட்டும். 85க்குக் குறைய முளைத்தால் அந்த மூட்டைகளை அங்கேயே மாற்றிக் கொடுக்கட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

மூத்தாப்பாவின் பட்டறை இனித் திரும்பி வராது. வீட்டில் வித்து வைக்கத் தெரிந்த உம்மாமாரும் குறைந்துகொண்டே போகிறார்கள். போடியாரிடம் பட்ட கடன் கிருமிநாசினிக் கடைக் கொப்பிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வித்தை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோன திணைக்களமும் கம்பனியும், அதை நேரத்துக்குத் திரும்பிக் கொண்டுவரும் கடமையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டன. அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு வாப்பாமார் போகும்போது எங்களில் ஒருவராவது கூடப் போவோம். "வித்து எப்ப வரும், முளைக்காட்டி யார் பொறுப்பு?" எண்டு அங்கே எழும்பி நின்று கேட்போம். நீங்களும் உங்கட வட்டையில் கேளுங்கள்.