சைலன்சருக்கு எர்த் கொடுத்தால் சத்தம் குறையுமா?

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி, ஓசூர் ரோட்டில் காரைத் திருப்பினால் போதும், ஊருக்குப் போகிற பாதைதான். ஓசூர் தாண்டியதும் அப்பா மீடியம் வேவ் போட்டுத் தமிழ் நிலையம் தேடுவார். ஆனால் என்னுடைய பழைய பெட்ரோல் காரில் செய்திக்கு மேல் ஒரே டிக் டிக் டிக். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகம் பிடிக்கும். "விடுப்பா, ஊர்ல போய் கேட்டுக்கறேன்" என்று அவரே அணைத்துவிடுவார்.

மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன். "சைலன்சருக்கு எர்த் ஒயர் போட்ருங்க சார், சத்தம் குறையும். ஆயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். எந்தச் சத்தம் என்று கேட்டேன். "எல்லாச் சத்தமும்தான் சார்!"

இங்கேதான் குழப்பம். புகைக்குழாயில் வரும் சத்தம் வேறு, ரேடியோவில் வரும் இரைச்சல் வேறு. வேடிக்கை என்னவென்றால், வரலாற்றில் இரண்டுக்குமே சொந்தக்காரர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஹைரம் பெர்சி மேக்சிம். 1909-ல் துப்பாக்கிக்கு சைலன்சர் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியவர், அதே யோசனையை எஞ்சின்களுக்கும் கொண்டுபோனார். அவரே 1914-ல் கிளாரன்ஸ் டஸ்காவுடன் சேர்ந்து அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கத்தைத் தொடங்கினார்.

முதலில் புகைக்குழாய்ச் சத்தம். எஞ்சினிலிருந்து எரிந்த வாயு விட்டுவிட்டு வேகமாக வெளியேறும்போது காற்றில் உண்டாகும் அழுத்த அலைதான் அது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளைக்குழாய்களும் அந்த அலையை மோதவிட்டு அடக்குகின்றன. மின்சாரத்துக்கு இதில் வேலையே இல்லை. எத்தனை ஒயர் போட்டாலும் இந்தச் சத்தம் குறையாது.

ரேடியோ இரைச்சல் கதை வேறு. 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பியது மின்பொறியை வைத்துத்தான். நம் ஸ்பார்க் பிளக்கில் நடப்பதும் அதே பொறிதான். பல ஆயிரம் வோல்ட்டில் ஒவ்வொரு முறை பொறி தாவும்போதும் கார் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் ஆகிவிடுகிறது. 1930-ல் பால் கால்வின் மோட்டரோலா கார் ரேடியோவைக் கொண்டுவந்தபோது அவருடைய ஆட்களுக்குப் பெரிய தலைவலி இந்த இரைச்சல்தான். 1934-ல் இதுபோன்ற ரேடியோ இடையூறுகளைக் கட்டுப்படுத்தவே சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு கூடியது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31 முதல் ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-ல் மூட வேண்டியதாயிற்று. அதை மதராஸ் மாநகராட்சி எடுத்துக்கொண்டு 1930-ல் மறுபடி தொடங்கியது. அப்பா தேடும் தமிழ் ஒலிபரப்புக்கு அவ்வளவு வயது.

சரி, எர்த் ஒயர் சுத்தப் பொய்யா? அதுவும் இல்லை. புகைக்குழாயின் ஒரு முனை எஞ்சினோடு இறுகியிருக்கிறது. மற்றபடி அது காருக்கு அடியில் ரப்பர் வளையங்களில்தான் தொங்குகிறது. எஞ்சினுக்கு ஏற்கெனவே எர்த் இருப்பதால் பேட்டரி மின்சாரத்துக்கு அது போதும். ஆனால் உயர் அதிர்வெண்ணில் அந்த நீண்ட குழாய் ஆன்டெனா போலாகி, எஞ்சின் இரைச்சலைப் பரப்பலாம். அதனால்தான் காரில் ஷார்ட் வேவ் செட் வைத்திருக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் தட்டையான பின்னல் செப்புப் பட்டையால் குழாயை இரண்டு மூன்று இடங்களில் பாடியோடு இணைக்கிறார்கள். சிலருக்குப் பலன் தெரிகிறது. மீடியம் வேவின் அலைநீளமோ நூற்றுக்கணக்கான மீட்டர். அதற்கு இந்தக் குழாய் மிகச் சிறியது.

செலவில்லாமல் சோதித்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஜம்பர் கேபிளின் ஒரு முனையைக் குழாயிலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும் மாட்டி, ஸ்டார்ட் செய்தேன். புகைக்குழாய்ச் சத்தம் அப்படியே. ரேடியோவில் டிக் டிக்கும் அப்படியே.

பிறகுதான் சரியான இடத்தைப் பார்த்தேன். ஆன்டெனா அடிப்பகுதியில் துரு. ஸ்பார்க் பிளக் ஒயர்கள் பழசு. துருவைச் சுரண்டி இறுக்கி, மின்தடை உள்ள ஒயர்களும் பிளக்குகளும் மாற்றினேன். (எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்திலேயே நாகநாதபுராவில் மைக்கோ தொழிற்சாலை ஸ்பார்க் பிளக் தயாரித்தது. 2008-ல் மைக்கோவின் பெயர் போஷ் ஆனது.) இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது.

உங்கள் காரில் எஞ்சின் வேகத்தோடு டிக் டிக் என்று வந்தால் பிளக் பக்கம் பாருங்கள். 'ங்ங்ங்' என்று ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர் பக்கம். ஒயர் போடச் சொல்பவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: எந்தச் சத்தம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா கிருஷ்ணகிரி வரை ரேடியோவை அணைக்கவே இல்லை. அதற்கப்புறம் தூங்கிவிட்டார் :-)