கிருமிக்குச் சாதி தெரியாது, சாவுக்குத் தெரியும்

2020 ஊரடங்கு நாட்களில் ஒரு வசனத்தை எல்லோரும் கேட்டிருப்போம்: "கொரோனாவுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது, சாதி, மதம் தெரியாது." கிருமியைப் பொறுத்தவரை அது உண்மைதான். சாவைப் பொறுத்தவரையும் உண்மையா? இதற்கு விடை தேட நூறு ஆண்டுகள் பின்னால் போனால் போதும்.

1918-20 இன்ஃபுளுவென்சா உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோரைக் கொன்றது. ஆனால் எல்லா நாட்டையும் ஒரேபோல் கொல்லவில்லை. அன்றைய இறப்புப் பதிவேடுகளை ஒப்பிட்டு 2006இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. டென்மார்க்கில் இறந்தவர்கள் மக்கள்தொகையில் சுமார் 0.2 சதவீதம். பிரிட்டிஷ் இந்தியாவின் மத்திய மாகாணம் மற்றும் பேராரில் சுமார் 4.4 சதவீதம். இருபது மடங்குக்கும் மேல். தலா வருமானம் குறையக் குறைய சாவு கூடியது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1918இல் இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை, ஆன்டிபயாட்டிக் இல்லை, வென்டிலேட்டர் இல்லை. பணக்கார நாட்டு மருத்துவரிடமும் மருந்து கிடையாது. அப்படியிருந்தும் இவ்வளவு வேறுபாடு என்றால், மருந்தைத் தாண்டிய ஏதோ ஒன்று ஆளைக் காப்பாற்றியிருக்கிறது. வயிற்றுக்குச் சோறு, படுத்துக்கிடக்க ஓர் இடம், கூலியை இழக்காமல் எடுக்கும் ஓய்வு, தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். இவை யாருக்குக் கிடைக்கும் என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

அப்படி ஒரு முடிவு என்ன செய்யும் என்பதற்குப் பசிபிக் கடலின் சமோவா தீவுகளே சாட்சி. ஒரே மக்கள், ஒரே மொழி. காலனியவாதிகள் தீவுகளைப் பங்கு போட்டதால் கிழக்கு அமெரிக்கக் கடற்படையிடமும், மேற்கு 1914 முதல் நியூசிலாந்து ராணுவத்திடமும் இருந்தன. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த தலூனே என்ற கப்பல் மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தை அடைந்தது. ஆக்லாந்தில் அப்போதே காய்ச்சல் பரவியிருந்தது. நோயுற்ற பயணிகள் கப்பலில் இருந்தார்கள். ஆனாலும் இறங்க அனுமதி கிடைத்தது. அடுத்த சில வாரங்களில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல்.

கிழக்கே ஆளுநர் ஜான் போயர் வானொலிச் செய்தியிலிருந்து ஆபத்தை அறிந்து, வரும் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். உள்ளூர் மக்களே கரையோரம் காவல் நின்றார்கள். அங்கே இந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. அங்கிருந்து வந்த மருத்துவ உதவியை மேற்கு சமோவாவின் நிர்வாகி ராபர்ட் லோகன் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 84 ஆண்டுகள் கழித்து.

நியூசிலாந்துக்குள்ளேயும் இதே கதைதான். அங்கே மாவோரி பழங்குடியினரின் இறப்பு விகிதம் வெள்ளையரைப் போல ஏழெட்டு மடங்கு. நாடுகளுக்கு இடையே நாம் பார்க்கும் கோடு நாட்டுக்குள்ளும் ஓடுகிறது.

இப்போது இந்தியா. இங்கே செத்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். எந்த நாட்டையும்விட அதிகம். 1872 முதல் எடுக்கப்பட்டுவரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-21. 1918இல் பருவமழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, மருத்துவர்களில் பலர் உலகப் போருக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். பசித்த உடலைத்தான் காய்ச்சல் பிடித்தது.

பம்பாய் நகரத்தின் சுகாதாரத் துறை அந்த ஆண்டுச் சாவுகளைச் சமூகவாரியாகப் பதிந்து வைத்தது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9.0, முஸ்லிம்கள் 19.2, "பிற இந்துக்கள்" 18.9. "தாழ்ந்த சாதி இந்துக்கள்" என்று அவர்கள் எழுதிய நம் மக்கள் 61.6. ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே பருவம். சாதி இந்துக்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல், ஐரோப்பியரைப் போல ஏழு மடங்கு. டென்மார்க்குக்கும் மத்திய மாகாணத்துக்கும் இடையே கடல்களும் கண்டங்களும் இருந்தன. பம்பாயில் இடையே இருந்தது சில தெருக்கள்.

அந்த நகரத்தில்தான், 1918 நவம்பரில், அம்பேத்கர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அவர் குடும்பம் வாழ்ந்தது பரேலில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சால் குடியிருப்பில். 1919 ஜனவரியில் சவுத்பரோ குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். தீண்டப்படாதோருக்கு வாக்குரிமை வேண்டும், அவர்களின் பிரதிநிதிகள் சபையில் இருக்க வேண்டும் என்றார். அவர் காய்ச்சலைப் பற்றிப் பேசப் போகவில்லை. ஆனால் 61.6 என்ற எண்ணை அருகில் வைத்து அந்தக் கோரிக்கையைப் படித்துப் பாருங்கள். முடிவெடுக்கும் இடத்தில் நாம் இல்லாததன் விலை என்ன என்று புரியும்.

கொரோனாவுக்கு வருவோம். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் தடுப்பூசி, மருந்து காப்புரிமைகளைத் தற்காலிகமாக விலக்கக் கேட்டன. பணக்கார நாடுகள் இழுத்தடித்தன. 2022 ஜூனில் வந்தது தடுப்பூசிக்கு மட்டுமான, சுருங்கிய ஒரு முடிவு. நாடுகளுக்கிடையே நீதி கேட்ட இதே இந்தியா, நாட்டுக்குள் என்ன செய்தது?

பெரு நாடு 2021இல் நிபுணர் குழுவை வைத்துத் தன் கணக்கைத் திருத்தியது. சுமார் 69,000 என்றிருந்த சாவு 1,80,000 ஆனது. மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மோசமான நாடு என்ற பெயர் வரும் என்று தெரிந்தே வெளியிட்டார்கள். இந்தியாவில் 2020-21இல் அரசு சொன்னது சுமார் 4.8 லட்சம், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சுமார் 47 லட்சம். ஒன்றிய அரசு அதை ஏற்க மறுத்தது.

அமெரிக்காவும் இங்கிலாந்தும் கொரோனா சாவுகளை இன வாரியாக வெளியிட்டன. கறுப்பின மக்கள் கூடுதலாகச் செத்தார்கள் என்பது அதனால்தான் விவாதமானது. இந்தியா சாதிவாரியாக வெளியிடவில்லை. நம் இறப்புப் பதிவில் மதத்துக்கு இடம் உண்டு, சாதிக்கு இல்லை. சுடுகாட்டில் வேலை பார்த்தவர்கள், மருத்துவமனைக் கழிவை அள்ளியவர்கள், தெருவைக் கூட்டியவர்கள் எந்தச் சாதி என்று ஊருக்கே தெரியும். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. 1918இல் காலனிய நகராட்சியிடம் இருந்த கணக்கு, 2021இல் சுதந்திர இந்தியாவிடம் இல்லை.

"சாவிலுமா சாதி பார்ப்பது?" என்று நம் நண்பர்களே சிலர் கேட்பார்கள். பள்ளியில் சேர, கல்லூரி விண்ணப்பம் போட, வேலைக்கு மனு செய்யச் சாதிச் சான்றிதழ் கேட்கும் அரசுதான் இது. பல ஊர்களில் சுடுகாடே தனித்தனி. சாவில் சாதி ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது அதன் கணக்கு மட்டும்தான்.

சாதிவாரிக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசும் தோழர்கள் இடஒதுக்கீட்டோடு நிறுத்திவிட வேண்டாம். பிறப்பு, இறப்பு, நோய், சிகிச்சை எல்லாவற்றிலும் அந்தக் கணக்கைக் கேளுங்கள். அடுத்த கொள்ளைநோய் வருவதற்குள் அது நம் கையில் இருக்க வேண்டும்.