தசைக் கவசமும் சிகிச்சையாளர் பயிற்சியும்

உடலின் வழியே உணர்ச்சிக்கும் மனக்காயத்துக்கும் சிகிச்சை அளிப்போருக்கான பயிற்சியின் வேர்களுள் ஒன்று, ஃபிராய்டின் மாணவரான வில்ஹெல்ம் ரைக் 1924 முதல் 1930 வரை வியன்னாவில் தலைமையேற்று நடத்திய உளப்பகுப்பாய்வு நுட்பக் கருத்தரங்கில் இருக்கிறது. நோயாளி என்ன சொல்கிறார் என்பதோடு எப்படிச் சொல்கிறார் என்பதையும் கவனிக்க அங்கே வற்புறுத்திய அவர், 1934இல் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டு ஆஸ்லோவில் குடியேறியபின், அடக்கிய உணர்ச்சி நாள்பட்ட இறுக்கமாகத் தசையில் தங்குவதைத் ‘தசைக் கவசம்’ என்று விளக்கி, நோயாளியின் மூச்சையும் தசையையும் நேரடியாகக் கையாண்டார். பிற்காலத்தில் ‘ஆர்கோன்’ என்ற ஆற்றலைப் பற்றி அவர் கூறியவற்றை அறிவியல் ஏற்கவில்லை, ஏற்கவும் இடமில்லை.

அவரிடம் 1942 முதல் 1945 வரை சிகிச்சை பெற்ற அலெக்சாண்டர் லோவன், ஜான் பியராக்கோஸுடன் சேர்ந்து 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் இம்முறையைப் பாடத்திட்டமாக்கியது. ரைக்கின் நோயாளி படுத்திருந்தார். லோவனோ தம் நோயாளியை எழுந்து நிற்கவைத்தார். சுருட்டிய கம்பளி கட்டிய முக்காலியின்மேல் முதுகைப் பின்னோக்கி வளைத்து மூச்சை ஆழப்படுத்துவதும், பின்னர் முழங்காலைச் சற்றே மடித்து முன்குனிந்து, கால்கள் தாமாகவே நடுங்கும்வரை நிற்பதும் அவருடைய பயிற்சிகள். பிறருக்குச் செய்விக்குமுன் பயிற்சி பெறுபவரும் இவற்றைத் தம் உடலில் செய்து, தாமே சிகிச்சைக்கு உட்பட வேண்டியிருந்தது. பின்னாளில், மனக்காயச் சிகிச்சை பற்றி 1997இல் நூல் வெளியிட்ட பீட்டர் லெவின், உணர்ச்சியை ஒரேயடியாகக் கொட்டவைப்பதற்கு மாறாக, சிறுசிறு அளவில் அணுகும் முறையை வலியுறுத்தினார்.