விஷகன்னி போன வழி

நஞ்சூட்டி வளர்க்கப்பட்டு, தன்னை நெருங்குபவனைக் கொல்லும் கதைப்பெண் விஷகன்னி. அவள் பிறந்தபோது காதலியாகப் பிறக்கவில்லை, ஆயுதமாகப் பிறந்தாள். விசாகதத்தரின் 'முத்ராராட்சசம்' நாடகத்தில் நந்தர்களின் அமைச்சன் ராட்சசன், சந்திரகுப்தனைத் தீர்த்துக்கட்ட அவளை அனுப்புகிறான். சாணக்கியன் அவளை அப்படியே பர்வதகன் பக்கம் திருப்பிவிடுகிறான். பர்வதகன் சந்திரகுப்தனின் கூட்டாளிதான், ஆனால் வென்ற நாட்டில் பாதி அவனுக்கு என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவன் சாகிறான், பங்கும் மிச்சமாகிறது. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் மேடைக்கே வருவதில்லை. அவளுக்குப் பெயர் கிடையாது, பேச்சும் கிடையாது. யார் அனுப்பியது, யார் செத்தது என்று ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதோடு சரி.

பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை, அரசனுக்கு வரக்கூடிய நஞ்சுகளைச் சொல்லும் இடத்தில் விஷகன்னியையும் சேர்த்துச் சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகர'த்தில் ஓர் அமைச்சன், படையெடுத்து வருகிறவனின் வழியெங்கும் மரத்துக்கும் கொடிக்கும் தண்ணீருக்கும் புல்லுக்கும் நஞ்சிடுகிறான். பிறகு நடனக்காரிகள் என்ற பெயரில் விஷகன்னியரை அந்தப் பாசறைக்கு அனுப்பிவைக்கிறான். மரம், தண்ணீர், புல், பெண் என்று ஒரே வரிசையில் வைத்து எழுத அந்தக் காலத்துக்குக் கை கூசவில்லை.

அவள் அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் அரபு உலகம். 'சிர் அல்-அஸ்ரார்' என்ற அரபு நூல், அரிஸ்டாட்டில் தன் மாணவன் அலெக்சாண்டருக்கு எழுதிய கடிதம் என்று சொல்லிக்கொள்ளும் அரசியல் அறிவுரை நூல். உண்மையில் அவர் எழுதியதல்ல. இந்தியாவிலிருந்து உனக்கு ஒரு பேரழகியைப் பரிசாக அனுப்பினார்களே, குழந்தையிலிருந்து பாம்பு நஞ்சூட்டி வளர்த்தவள் அவள், நான் கண்டுபிடித்திராவிட்டால் நீ மாண்டிருப்பாய் என்று குரு அதில் நினைவூட்டுகிறார். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்நூல் லத்தீனுக்குப் போனது. இடைக்கால ஐரோப்பாவில் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்ட நூல்களுள் ஒன்றாயிற்று. அங்கே பாதிரிமார் கையில் அவள் சிக்கினாள். 'கெஸ்டா ரோமனோரம்' என்னும் லத்தீன் கதைத் தொகுப்பில் அவள் வடக்கத்தி ராணி ஒருத்தியின் மகளாகிவிடுகிறாள். மரண தண்டனைக் கைதி ஒருவனை முத்தமிடச் சொல்லி அவளைச் சோதிக்கிறார்கள். அவன் அங்கேயே விழுந்து சாகிறான். அழகு என்பது பாவத்தின் வேடம் என்று உரை எழுதிக் கதையை முடித்துவிடுகிறார்கள்.

1646இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரவுன், மக்களிடையே உலவும் பொய் நம்பிக்கைகளைத் திரட்டி 'சூடோடாக்சியா எபிடெமிக்கா' என்ற பெரிய நூலை வெளியிட்டார். இந்திய மன்னன் ஒருவன் அலெக்சாண்டருக்கு அனுப்பிய நஞ்சுண்ட அழகியும் அதில் வருகிறாள். ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்ன் அந்த வரிகளைத் தன் குறிப்பேட்டில் எடுத்து எழுதிவைத்துக்கொண்டார். அந்தக் குறிப்பிலிருந்துதான், என் வாசிப்பில், அவளுக்கு உயிர் வந்தது.

1844இல் வெளியான ஹாதார்னின் 'ராப்பச்சினியின் மகள்' கதை இத்தாலியின் பாதுவா நகரில் நடக்கிறது. விஞ்ஞானி ராப்பச்சினி நச்சுச் செடிகளின் தோட்டத்திலேயே மகள் பியாட்ரிசை வளர்க்கிறார். அவள் மூச்சுப் பட்ட பூச்சி செத்து விழுகிறது. மாடி ஜன்னலிலிருந்து அவளைப் பார்க்கும் மாணவன் ஜியோவானிக்குக் காதல் பிறக்கிறது. ஒருமுறை நச்சுப்பூவைப் பறிக்கப் போனவனை அவள் கையைப் பிடித்துத் தடுக்கிறாள். மறுநாள் அவன் கையில் அவள் விரல்கள் ஊதா நிறத் தழும்பாகப் பதிந்திருக்கின்றன. அலெக்சாண்டருக்கு வந்த இந்திய அழகியின் கதையையும் ஒரு பேராசிரியர் அவனுக்குச் சொல்லி எச்சரிக்கிறார்.

முன்பு எந்தக் கதையிலும் இல்லாத ஒன்று இங்கே நடக்கிறது: அவள் பேசுகிறாள். தன்னை இப்படி ஆக்கியது தகப்பன் என்கிறாள், தன் உடல் நஞ்சானாலும் மனம் அன்பைத்தான் கேட்டது என்கிறாள். ஜியோவானிக்குக் காது இல்லை. தன் மூச்சிலும் நஞ்சேறிவிட்டதை அறிந்ததும் அவளைக் கேட்கக் கூசும் வார்த்தைகளால் திட்டுகிறான். பிறகு 'குணப்படுத்த' மாற்றுமருந்தை நீட்டுகிறான். நஞ்சே உயிராக இருந்தவளுக்கு மருந்துதான் சாவு. குடித்துவிட்டு, என்னைவிட உன் இயல்பில்தான் தொடக்கத்திலிருந்தே அதிக நஞ்சு இருந்ததோ என்று அவனைப் பார்த்துக் கேட்டபடி இறக்கிறாள். கேள்விப்பட்ட ஆயிரம் ஆண்டுக் கதைகளுக்கும் சேர்த்துக் கேட்ட கேள்வியாகவே எனக்கு அது ஒலிக்கிறது. மெக்சிகோக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1956இல் இந்தக் கதையை நாடகமாக்கினார். அதற்குச் சில ஆண்டு முன்புதான் அவர் டெல்லியில் தூதரக அதிகாரியாக இருந்தார்.

1981இல் மார்வெல் காமிக்ஸில் கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, மைக்கேல் கோல்டன் வரைய, ரோக் என்ற பெண் வந்தாள். அவள் தோல் பட்டால் எதிராளியின் ஆற்றலும் நினைவும் அவளுக்குள் இறங்கிவிடும். முதல் முத்தமே ஒரு பையனை நினைவிழக்கச் செய்தது. இப்போது நஞ்சூட்ட யாரும் தேவைப்படவில்லை, உடம்பே அப்படி. அவள் கையுறை மாட்டிக்கொண்டு வாழப் பழகினாள்.

2005இல் 'ட்வைலைட்', 2008இல் 'ஹங்கர் கேம்ஸ்'. ரத்தக்காட்டேரிக் காதல் ஒரு பக்கம், கொடுங்கோல் அரசு மறுபக்கம் என்று அமெரிக்கப் பதின்பருவ வாசகர்கள் இரண்டையும் அள்ளிப் படித்த காலம். இரண்டு ஓடைகளும் கலந்த இடத்தில், 2011 நவம்பரில், ஈரானிய அமெரிக்கப் பெண்ணான தாஹெரே மாஃபியின் 'ஷாட்டர் மி' நாவல் வெளியானது. பதினேழு வயது ஜூலியட் 264 நாளாகத் தனியறையில் அடைபட்டுக் கிடக்கிறாள். தெரியாமல் ஒரு குழந்தையைத் தொட்டாள், குழந்தை இறந்துவிட்டது. வெளியே 'ரீஎஸ்டாப்ளிஷ்மென்ட்' என்ற ராணுவ ஆட்சி. மாஃபி பழைய நூல்களைப் புரட்டித்தான் இவளைப் படைத்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த ஆட்சியின் இளம் தளபதி வார்னர், இந்தத் தொடுகையைச் சித்திரவதைக்குப் பயன்படுத்தலாம் என்று அவளைத் தேடி எடுக்கும் இடத்தைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராட்சசன் செய்ததும் இதுதானே? நடுவில் பாவமாக, விஞ்ஞானமாக, பிறவிக் கோளாறாக வேடம் மாற்றி அலைந்தவள், அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்குக்கே திரும்பி வந்துவிட்டாள். வித்தியாசம் ஒன்றுதான்: இம்முறை கதையைச் சொல்வது அவளே. 'நான்' என்று எழுதுகிறாள். எழுதிய வரியை அடித்துவிட்டு மேலே எழுதுகிறாள். அடித்த கோடுகளும் புத்தகத்தில் அப்படியே அச்சாகியிருக்கின்றன.

அவளைத் தொட்டும் சாகாதவர்கள் இரண்டு பேர். முதலாமவன் அவள் அறைக்குள் தள்ளப்பட்ட ஆடம். அவன் மென்மையானவன், அவளுக்கு ஆசையானவன், அவர்களது காதலை அந்த ஆட்சி அனுமதிக்காது. இரண்டாவது நூலான 'அன்ராவல் மி'யில்தான் காரணம் தெரிகிறது. பிறரது ஆற்றலை அடக்கிவிடுவது ஆடமின் ஆற்றல். அவன் பக்கத்தில் இருக்கும்வரை அவள் சக்தி ஊமையாகிறது. அவன் அறியாமலே இதற்காகத் தன்னை வருத்திக்கொள்கிறான், கொஞ்சம் அசந்தால் அவனுக்கும் ஆபத்து. வார்னரின் உடம்பு வேறு வகை. அவளது ஆற்றலை அவன் உள்வாங்கிக்கொள்கிறான். அவள் எதையும் இழக்காமலே அவனைத் தொட முடிகிறது.

2014இல் வந்த 'இக்னைட் மி'யில் அவள் தேர்ந்தெடுப்பது வார்னரை. இந்தத் தேர்வு வாசகரை இரண்டு கட்சியாக்கிச் சண்டையிட வைத்தது. முதல் நூலில் அவளை அவ்வளவு வதைத்தவனை மூன்றாம் நூலில் காதலனாக ஏற்பது எனக்கும் முழுதாக ஒப்பவில்லை. அவன் கொடுமைகளுக்கு ஆசிரியர் பிற்பாடு தரும் விளக்கங்கள் அளவுக்கு மீறி இளகியவை. பதின்மூன்று வயதுப் பெண் கையில் இந்த நூலைக் கொடுப்பவர், அதைப் பற்றி அவளோடு பேசவும் வேண்டும். ஆனாலும் பியாட்ரிசை நினைத்துக்கொண்டு படித்தால் ஆடமிடம் இருந்து அவள் ஏன் விலகினாள் என்பது விளங்குகிறது. அவன் அவளை நேசித்தது உண்மை. ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது சக்தி அடங்கிய, பழைய, பயந்த ஜூலியட். ஜியோவானி குப்பியில் நீட்டியதை அவன் அன்பில் கலந்து நீட்டினான். அவள் குடிக்கவில்லை. தன் சக்தியைத் தானே ஆளப் பழகிக்கொண்டாள். யாரைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை இப்போது அவள்தான் முடிவுசெய்கிறாள். அதே நூலின் இறுதியில் தன்னைக் கருவியாக்கப் பார்த்த அந்த ஆட்சியின் படைமுகாமைத் தானே கைப்பற்றுகிறாள்.