மலைப்பாதையும் பஞ்சாலைக் கற்களும்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே கிண்டர் ஸ்கௌட் என்றொரு மேட்டுநிலம் உண்டு. பறவை வேட்டைக்காக நிலப்பிரபுக்கள் அதைப் பிறர் நுழையாவண்ணம் காத்தனர். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான இளந்தொழிலாளர் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். 1949-இல் சட்டம் வந்தது. 1951-இல் அப்பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1965-இல் அங்கிருந்து ஸ்காட்லாந்து வரை ‘பென்னைன் வழி’ என்னும் நடைபாதையும் திறக்கப்பட்டது.

தொல்லை பிறகுதான் தொடங்கியது. அம்மேட்டின் மண் ‘பீட்’ என்னும் மட்கிய தாவரப் படிவு. எடையில் பெரும்பகுதி நீரே. நனைந்த பஞ்சைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், காலடியில் அதற்கு நேர்வது புரியும். செடிப் போர்வை கிழிந்த இடத்தை மழை அரித்தது. சேற்றுக்கு ஒதுங்கி நடந்தவர்கள் பாதையை மேலும் அகலமாக்கினர்.

இணக்கம் காண இயலாதபோது இயற்கைக்கே முதலிடம் என்று 1974-இல் சான்ஃபோர்டு குழு கூறியது. 1995-இல் அது சட்டமாயிற்று. ஆனால் சிறை சென்று பெற்ற உரிமையைத் திரும்பப் பூட்டுவது நியாயமா?

மூடிய பஞ்சாலைகளின் தளக்கற்களைக் கொணர்ந்து பாதையில் பதித்தனர். உங்கள் பாதம் 200 சதுர செ.மீ., கல் 5,000 சதுர செ.மீ. என்று கொள்ளுங்கள். கல்லின் சொந்த எடையை ஒதுக்கிவிட்டால், உங்களால் மண்மேல் விழும் அழுத்தம் 25-இல் ஒரு பங்குதான். சில கற்களில் பழைய இயந்திரங்களைப் பிணைத்த துளைகளைக் காணலாம்.