கேளிக்கைப் பூங்காவில் வளர்ந்த குஸ்தி

கொச்சியில் குடியேறி வாழும் தமிழர்களுக்குக் குஸ்தி புதிதன்று. ஆயினும், கயிறு கட்டிய மேடையில், நுழைவுச் சீட்டு விற்று நடத்தும் தொழில்முறைக் குஸ்தி நம் நாட்டில் புகழ் பெற்றதில், கடல் கடந்து பிழைக்கச் சென்ற மக்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

சிங்கப்பூரில் 1923-இல் ‘நியூ வோர்ல்டு’, 1931-இல் ‘கிரேட் வோர்ல்டு’ என்னும் கேளிக்கைப் பூங்காக்கள் தோன்றின. பகலெல்லாம் உழைத்த சீனரும் மலாயரும் தமிழரும் பஞ்சாபியரும் மாலையில் அங்கே கூடினர். கூத்தும் நடனமும் நிகழ்ந்த இடத்தில் குத்துச்சண்டையும் குஸ்தியும் நடந்தன. பார்ப்போர் பல இனத்தவர். ஆகவே மோதுவோரும் பல நாட்டவராக இருத்தல் வியாபாரத்துக்கு நல்லது! ‘கிங்காங்’ என்று பெயர் பூண்ட எமில் சாயா அங்கேரி நாட்டிலிருந்து வந்தவர்.

1947-இல் தாரா சிங் என்னும் பஞ்சாப் இளைஞர் அங்கே சென்றார். ஆலையில் வேலை செய்துகொண்டே, கிரேட் வோர்ல்டு அரங்கில் ஹர்நாம் சிங்கிடம் பயின்றார். பின்னர் தர்லோக் சிங்கை வென்று மலாயாவின் வீரப் பட்டம் பெற்றார்.

முடிவை முன்னரே பேசி வைத்துக்கொள்வது இத்தொழிலில் உள்ள வழக்கம். எனினும் மேடையில் வீழும் உடல் மெய்யாகவே வீழ்கிறது. அந்த வலியில் நடிப்பு இல்லை. தாயகம் திரும்பிய தாரா சிங், 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியன்கோவை வென்று காமன்வெல்த் பட்டத்தையும், 1968 மே 29-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டத்தையும் பெற்றார். அவரோடு பன்முறை மோதிய கிங்காங் தம் நாடு திரும்பவில்லை. சாலை விபத்தில் காயமுற்று, 1970-இல் சிங்கப்பூரிலேயே மறைந்தார்.